பல்பை மாத்தாதீங்க, இடத்தை மாத்துங்க

1932. நீலகிரில பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சு, கோயம்புத்தூர் மில்களுக்குக் கரன்ட் வந்த காலம். அதே வருஷம் இங்கிலாந்துல கார் சஸ்பென்ஷன் இன்ஜினியர் ஜார்ஜ் கார்வர்டைன், ஸ்பிரிங் வச்ச மடக்கு விளக்குக்குக் காப்புரிமை கேட்டார். இழுத்த இடத்துல அப்படியே நிக்கும். பிற்பாடு ஆங்கிள்பாய்ஸ்னு பேர் வாங்குனது அதுதான்.

இதுல கணக்கு என்னன்னா, ஒத்தை பல்பைப் பாதி தூரத்துக்கு இறக்குனா, வெளிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

நம்ம திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகள்ல சாவியை அரத்தால ராவுறவங்களுக்கு இது கண்ணு சம்பந்தப்பட்ட விஷயம். பல் கொஞ்சம் கூடுதலா தேஞ்சாலும் பூட்டு திறக்காது. ட்யூப்லைட் முதுகுக்குப் பின்னாடி இருந்தா, தன் நிழல்லயே வேலை பார்க்கணும்.

ஆயக்குடில ஷெட்டு போட்டு வேலைமேசை வைக்கிறவங்க, எல்இடி பட்டையைத் தலைக்கு முன்னாடி, மேசைக்கு நேர் மேல மாட்டுங்க. நுணுக்க வேலைக்குப் பக்கத்துல ஒரு மடக்கு விளக்கு. வாட்ஸைக் கூட்டுறது அப்புறம்.