பார்த்தீனியம்: ஒரு களையின் வரலாறும் நம் வீட்டு வாசலும்



வரலாறு என்றாலே மன்னர்களும் போர்களும்தாம் என்று நம் மாணவர்கள் எண்ணிவிடுகின்றனர். சாலையோரத்துச் செடிக்கும் வரலாறு உண்டு. அதனை அறியாதிருப்பதால் விளையும் கேடும் உண்டு. இக்கட்டுரையில் பார்த்தீனியம் என்னும் நச்சுக்களையைப் பற்றி எழுத விழைகிறேன்.

இதன் தாயகம் மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த அமெரிக்க நிலப்பகுதி. இந்தியாவில் 1955ஆம் ஆண்டு புனே நகரில் இச்செடி காணப்பட்டது. அடுத்த ஆண்டே ஆர்.எஸ். ராவ் என்னும் தாவரவியலாளர் அதனை இந்தியாவிற்குப் புதிய செடியென ஆய்விதழில் பதிவு செய்தார். பின்னர் அது நாடெங்கும் பரவியது. தமிழகத்தின் தரிசு நிலங்களையும் தண்டவாள ஓரங்களையும் நிறைத்தது.

இது எவ்வாறு வந்தது? 'பி.எல். 480' என்னும் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் இறக்குமதியான கோதுமையோடு கலந்து வந்தது என்பதே மக்கள் வழக்கில் நிலைத்த விடை. அக்காலத்து ஆளுங்கட்சியின் பெயரைச் சேர்த்து, 'காங்கிரஸ் புல்' என்றும் இதனை அழைத்தனர். உண்மையில் இது புல்லே அன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடி.

இங்கேதான் வரலாறு பயில்வோர் சற்று நின்று ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அச்சட்டத்தின்கீழ் இந்தியா முதல் உடன்படிக்கை செய்துகொண்டது 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். புனேயில் செடி காணப்பட்டதோ அதற்கும் முந்திய ஆண்டில். மேலும், 1814ஆம் ஆண்டு வெளிவந்த ராக்ஸ்பர்க்கின் 'ஹோர்டஸ் பெங்காலென்சிஸ்' என்னும் நூலிலேயே இச்செடியின் பெயர் காணப்படுகிறது. அந்நூல் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வளர்ந்த செடிகளின் பட்டியலாகும். கோதுமையோடு மேலும் விதைகள் வந்திருக்கக்கூடும். ஆயினும், அவ்வுடன்படிக்கையே இதன் முதல் வருகைக்குக் காரணம் என்னும் கூற்று ஆண்டுக் கணக்கோடு பொருந்தவில்லை.

யார் கொண்டுவந்தார் என்று பழி கூறுவது எளிது. ஆனால் பழிச்சொல்லால் ஒரு செடியும் வேரோடு வீழ்ந்ததில்லை. பரவிய பின்னர் அறிவியலாளர்கள் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டினத்தை வரவழைத்து, 1984ஆம் ஆண்டு பெங்களூரில் விடுவித்தனர். அவ்வண்டு இலைகளைத் தின்று ஓரளவு கட்டுப்படுத்தியது, ஒழிக்க இயலவில்லை. தொடக்கத்திலேயே கண்டு களைவதே ஏற்ற வழி என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலேசியாவில் இச்செடி சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங்காலி வட்டாரத்தில் 2013ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. பின்னர்க் கெடா உள்ளிட்ட பிற மாநிலங்களிலும் காணப்பட்டது. மலாய்மொழியில் இதனை 'ரும்பாய் மியாங் மெக்சிகோ' என்பர். 'மியாங்' என்றால் அரிப்பு. பெயரே எச்சரிக்கை செய்கிறது. இச்செடி மேலே படுவதால் தோலில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். இதன் மகரந்தம் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும். மேய்ந்த கால்நடைகளின் பாலும் கசக்கும்.

வீட்டு வளாகத்தில் இதனை எவ்வாறு அறிவது? இளம்பருவத்தில் இலைகள் தரையோடு படிந்து வட்டமாக விரிந்திருக்கும். அவை ஆழமாகப் பிளவுபட்டு, மெல்லிய மயிர்களோடு இருக்கும். பார்வைக்கு உலாம் ராஜா கீரையோ என்று மயங்கலாம். பூத்தால் ஐயம் நீங்கும். உலாம் ராஜாவின் பூ இளஞ்சிவப்பு. பார்த்தீனியத்தின் பூக்களோ சிறு வெண்பொட்டுகள்போல் கிளை நுனிகளில் கொத்தாக அமையும். தண்டில் நெடுக்குக் கோடுகள் இருக்கும். செடி ஒரு மீட்டருக்கு மேலும் வளரும்.

முளைத்த நான்கு முதல் எட்டு வாரங்களில் இது பூத்துவிடும். ஒரே செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. அவ்விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வாகனச் சக்கரம், புல்வெட்டும் இயந்திரம், வாங்கிவந்த மண், மழைநீர் ஆகிய அனைத்தும் அவற்றைச் சுமந்து செல்லும்.

ஆகவே, பெற்றோர்கள் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம்:

1. ஐயத்திற்குரிய செடியைப் படமெடுத்து, அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள்.
2. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை ஆகியவை இன்றித் தொடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் பிள்ளைகளும் விலகியிருக்கட்டும்.
3. பூக்கும் முன்னரே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். மேலே வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.
4. பூத்துவிட்டிருந்தால், முதலில் பூக்கொத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டுப் பிடுங்குங்கள். உரக்குழியில் இடாதீர்கள், ஆடுமாடுகளுக்கும் போடாதீர்கள்.
5. அவ்விடத்தைச் சில வாரங்களுக்கொருமுறை பாருங்கள். புதைந்த விதைகள் மழைக்குப்பின் மீண்டும் முளைக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். என் வகுப்பில் நான் இச்செடியின் படத்தையும் உலாம் ராஜாவின் படத்தையும் அருகருகே ஒட்டி, வேறுபாடுகளை மாணவர்களையே எழுதச் சொல்வதுண்டு. செடியைப் பறித்துவரச் சொல்வதில்லை. "கண்டால் தொடாதே, பெரியவர்களிடம் சொல்" என்பதே நான் கூறும் பாடம். வடிகால் ஓரத்தில் முதல் செடியைக் காணும் கண்கள் பெரும்பாலும் சிறுவர்களுடையவையாகவே இருக்கும். அக்கண்களைப் பழக்குவது நம் கடமையன்றோ?