ஒரு நாள் யாருக்குச் சொந்தம்? மொம்பாசா துறைமுகத்தின் தினக்கூலிகள்



ஆளுநர்களின் வரலாறு நமக்குப் போதுமான அளவு கற்பிக்கப்பட்டுவிட்டது. இந்த நினைவுச் சொற்பொழிவில் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களைப் பற்றிப் பேசுவோம்.

அங்கே தினக்கூலியின் பெயர் 'கிபாருவா'. சுவாஹிலி மொழியில் 'பாருவா' என்றால் கடிதம். 'கிபாருவா' என்றால் சிறு சீட்டு. வேலை நாளைக் குறித்த சீட்டின் பெயரே அதை வைத்திருந்த மனிதரின் பெயராகிவிட்டது. கப்பல் வரும் நாளில் துறைமுகத்தில் கூடுவார்கள். காபி, பருத்தி, கற்றாழை நார் மூட்டைகளை ஏற்றுவார்கள். அன்றைய கூலியை அன்றே வாங்கிக்கொண்டு, மண்சுவரும் ஓலைக்கூரையுமான வாடகை அறைக்குத் திரும்புவார்கள். ஓர் அறையில் பலர் படுத்துக்கிடப்பார்கள்.

மாதம் முழுவதும் வேலைக்கு வராத இவர்களைக் காலனி அதிகாரிகள் சோம்பேறிகள் என்றார்கள். நாம் அதை வேறுவிதமாக வாசிக்க வேண்டும். கென்யக் கடற்கரையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1907இல்தான். அடிமைகளாக இருந்தவர்கள் மறுபடியும் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடக்க விரும்பவில்லை. சுற்றுவட்டார மிஜிகெண்டா ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குச் சொந்தப் பயிர் இருந்தது. விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊர் திரும்பினார்கள். கப்பல் வராவிட்டால் அடுப்பு எரியாது என்பது உண்மைதான். ஆனாலும் நாளைக்கு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். பண்ணையாள் முறையை அறிந்த நமக்கு அந்த உரிமையின் மதிப்பு தெரியும்.

காலனி அரசுக்கும் தெரிந்திருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் கென்யாவில் ஆப்பிரிக்க ஆண்கள் கைரேகை பதித்த 'கிபாண்டே' என்னும் பதிவுச்சீட்டை உலோகக் கூட்டில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட வேண்டியிருந்தது. முதலாளி கையெழுத்திட்டு விடுவிக்காமல் வேலையை விட்டுப் போனால் தண்டனை. பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதவர் கழுத்தில் மண்கலயம் தொங்கியதை அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுமே தம் அடையாளத்தை மாட்டுவதற்கு உழைப்பவரின் கழுத்தைத் தேடியிருக்கின்றன.

1947 ஜனவரி 13 அன்று மொம்பாசா நின்றது. விலைவாசிக்கும் வாடகைக்கும் கூலி ஈடுகொடுக்கவில்லை. சுமார் 15,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். துறைமுகம், ரயில்வே மட்டுமல்ல. ஹோட்டல் ஊழியர்களும் வீட்டு வேலைக்காரர்களும் வெளியே வந்தார்கள். தினமும் அவர்கள் கூடிய மைதானத்துக்கு 'ஏழைகளின் திடல்' என்று பெயர். 12 நாள் நகரம் அவர்கள் சொல்படி நடந்தது. கூலி ஓரளவு உயர்ந்தது. ஆனால் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் செகே கிபாச்சியா அதே ஆண்டு ஆகஸ்டில் கைது செய்யப்பட்டு, தொலைதூர பரிங்கோவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1950களில் துறைமுகத் தினக்கூலிகளைப் பதிவு செய்து, ஒழுங்காக வராதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நிரந்தர வேலையோடு நிரந்தரக் கண்காணிப்பும் வந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதிகாரியின் பதிவேடு தொழிலாளி வராத நாட்களை எண்ணி வைத்திருக்கிறது. அந்த நாட்களில் அவர் எந்த நிலத்தை உழுதார், எந்தக் கூட்டத்துக்குப் போனார், எந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தார் என்று அதில் இல்லை. உங்கள் தாத்தா பாட்டி வேலைக்குப் போகாத நாட்களைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். நாம் எழுத வேண்டிய வரலாறு அங்கிருந்து தொடங்கும்.