மலையடிவாரத்து மௌனம் – 7
கடிதம் வராத வீடு

1941 டிசம்பர் 8. ஜப்பானியப் படை தாய்லாந்தில் இறங்கியபோது ஆர்தர் ஆஸ்போர்ன் பாங்காக்கில் இருந்தார். மனைவி லூசியாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில். அவர்களை ரமணாசிரமத்துக்கு அருகே குடிவைத்துவிட்டு, சுலாலங்கோர்ன் பல்கலைக்கழக வேலைக்குத் திரும்பிய சில மாதங்களிலேயே அந்த ஆங்கிலேய ஆசிரியர் கைதிகள் முகாமில் அடைபட்டார்.

லூசியாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் போலந்துக்காரர். பிறந்த மண் 1939 முதல் ஜெர்மானியர் பிடியில். கணவர் ஜப்பானியர் பிடியில். இடையில் அருணாசல மலையும் மூன்று பிள்ளைகளும். அப்பா எங்கே என்று அவர்கள் கேட்டால் அந்தத் தாய் என்ன சொல்வார்?

கடைசியில் மகன் ஆடம்தான் ரமணரிடமே போய்க் கேட்டான். அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று. பகவான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. புன்னகையோடு தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு காத்திருந்தது.

அதே நாட்களில் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். இங்கே கிராமத்துத் திண்ணைகளில் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கும் தகவல் இல்லை. அவர்களில் பலருக்குக் கடைசிவரை வரவேயில்லை. லூசியாவைப் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆடம் யார் தெரியுமா? 1981இல் கையில் தூக்கிப்போகும் கணினியை விற்று உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த ஆடம் ஆஸ்போர்ன்தான். ஐந்து அங்குலத் திரை, பதினொரு கிலோ எடை, 1795 டாலர் விலை. இரண்டே ஆண்டில் கம்பெனி திவாலானது. உடல் நலிந்தபின் அவர் திரும்பி வந்தது தமிழ் மண்ணுக்குத்தான். கொடைக்கானலில் சகோதரியின் அரவணைப்பில் இருந்து, 2003 மார்ச் 18 அன்று கண்மூடினார். தகப்பனுக்காக ஒன்றாகக் காத்திருந்த பிள்ளைகள் அல்லவா!

1945 ஆகஸ்ட். ஜப்பான் சரணடைந்தது. முகாம் திறந்தது. அப்பா கிளம்பியபோது ஆடமுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை, இப்போது ஆறரை. ஏறத்தாழ நான்கு வருடச் சிறைவாசம் முடிந்து ஒரு மனிதர் வாசலில் வந்து நிற்கிறார்.

பிள்ளைகள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்களா?

(அடுத்த வாரம்)