வினைத்திறன்
திறம் 'திறன்' ஆவது நலம் 'நலன்' ஆவதைப் போன்ற ஈற்றுத் திரிபு. வினையோடு சேர்ந்த இச்சொல்லை இலங்கைத் தமிழ், வளத்தை வீணாக்காமைக்கென்று ஒதுக்கியது. நோக்கம் நிறைவேறுவதற்கு 'விளைதிறன்' என்று வேறு சொல் வைத்தது. தமிழ்நாட்டிலோ 'செயல்திறன்' இரண்டையும் சுமக்கிறது. சொல்லில் என்ன இருக்கிறது என்பார்கள்; மருத்துவமனைகளை அளக்கும்போது என்ன இருக்கிறது என்பது தெரியும். 1957இல் பொருளியலாளர் ஃபாரல் வகுத்த அளவீடும், அதிலிருந்து கிளைத்த எல்லை மாதிரிகளும் வினைத்திறனையே அளக்கின்றன: இத்தனை கட்டில், மருத்துவர், செவிலியரைக் கொண்டு எத்தனை நோயாளிகள் என்று, முன்னணி மருத்துவமனைகளோடு மற்றவற்றை ஒப்பிடுகின்றன. கோச்சடைக்காரர் ஒருவர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டு, நோய் தீராமல் மறுபடி சேர்ந்தால், கணக்கில் அவர் இரண்டு நோயாளி. வினைத்திறன் ஏறும், விளைதிறன் இறங்கும். நோயின் கடுமையையும் மறுசேர்க்கையையும் மாதிரியில் சேர்க்கலாமே என்றால், சேர்க்கலாம்தான். ஆனால் எதைச் சேர்ப்பதென்று கேட்கவே இரண்டு சொற்கள் வேண்டியிருக்கின்றன.