மூன்று அணாவும் சட்டையின் விலையும்: தலைவர்களின் உடை குறித்த விவாதங்களின் வரலாறு

1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்த காந்தி, உடன் வந்த பயணிகள் பலர் அயல்நாட்டுத் துணி உடுத்தியிருப்பதைக் கண்டு, கதர் அணியுமாறு அவர்களை வேண்டினார். அவர்கள் தலையை அசைத்து மறுத்தார்கள். கதரின் விலை அதிகம், ஏழைகளால் அதை வாங்க இயலாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பதிலில் உண்மை இருப்பதைத் தாம் உணர்ந்ததாகக் காந்தியே பின்னர் எழுதினார். அப்போது அவர் சட்டை, தொப்பி, முழு வேட்டி ஆகியவற்றுடன் இருந்தார். செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில், தாம் தங்கியிருந்த வீட்டில், அந்த உடையைத் துறந்து இடுப்பில் ஒரு சிறு துண்டை மட்டும் கட்டிக்கொண்டார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் துறவின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அதற்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு விலைப் பேச்சு. ‘எங்கள் கையில் இவ்வளவு பணம் இல்லை’ என்று எளிய மக்கள் ஒரு தலைவரிடம் நேராகச் சொன்னார்கள். அந்தத் தலைவர் தம் உடையை அவர்களுடைய வரவுசெலவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இந்திய அரசியலில் தலைவர்களின் உடை பற்றி எழுந்த விவாதங்கள் அனைத்தையும் இந்த அளவுகோலால் மதிப்பிடலாம்: தராசின் ஒரு தட்டில் தலைவரின் செலவு இருக்கிறது, மற்றொரு தட்டில் மக்களின் வருமானம் வைக்கப்பட்டதா?

கதர் அந்தச் சமன்பாட்டை முழுமையாகத் தீர்க்கவில்லை. கையால் நூற்றுக் கையால் நெய்த துணி ஆலைத் துணியைவிட விலை கூடியதாகவே இருந்தது. காந்தி தலைமை வகித்த 1924 பெல்காம் மாநாடு, கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் அளிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை ஏற்றது. தாமே நூற்க விரும்பாதவர் பிறர் நூற்றதை வாங்கி அளிக்கவும் அதில் இடமிருந்தது. அதாவது, எளிமையின் அடையாளத்தைக் காசு கொடுத்துப் பெறுவதற்கான வழியும் தொடக்கத்திலேயே திறந்திருந்தது. விடுதலைக்குப் பின் வெண்கதர் பதவியின் சீருடையாக மாறியபோது, அதை உடுத்தியவரின் உண்மையான செலவு என்ன என்ற ஐயமும் மக்களிடையே கூடவே வளர்ந்தது. நேரு குடும்பத்தின் துணிகள் சலவைக்காகப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டன என்ற வதந்தியை நேரு 1936இல் வெளிவந்த தம் சுயசரிதையிலேயே மறுத்தார். மறுத்தும் அது பல பத்தாண்டுகள் உயிரோடிருந்தது.

எளிய உடையே எல்லோருக்கும் பொதுவான அறம் என்று கொள்வதற்கும் இல்லை. 1931இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் காந்தி அரையாடையுடன் கலந்துகொண்டார். அதே மாநாட்டில் அம்பேத்கர் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து அமர்ந்திருந்தார். எந்தத் துணியை எதுவரை உடுத்தலாம் என்பதைக் கூடச் சாதி வரையறுத்த நாட்டில், நல்ல உடை என்பதே ஓர் உரிமைக் கோரிக்கை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் அரச ஆணை பெற்றார்கள். துறப்பதற்கு ஏதேனும் இருப்பவரே துறக்க முடியும். ஆகவே உடையின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. அதை யார், எந்த வரலாற்றிலிருந்து வந்து அணிகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

தராசின் இரு தட்டுகளும் முதன்முதலில் நாடாளுமன்றத்தில் நேருக்கு நேர் நின்றது 1963இல். சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா 1962 பொதுத்தேர்தலில் பூல்பூர் தொகுதியில் நேருவை எதிர்த்துத் தோற்றவர். அடுத்த ஆண்டு ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்கு வந்தார். பிரதமருக்காக நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்பது அவர் வெளியிட்ட துண்டு நூலின் குற்றச்சாட்டு. உடை மட்டுமன்றி, பாதுகாப்பு, பயணம், இல்லப் பராமரிப்பு என ஒரு பதவியின் மொத்தத் தோற்றத்தையும் தாங்கும் செலவை அவர் கணக்கிட்டார்.

அத்தோடு நின்றிருந்தால் அது மற்றுமொரு வசையாக முடிந்திருக்கும். சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆச்சார்ய கிருபளானி 1963 ஆகஸ்டில் கொண்டுவந்தபோது, லோகியா மற்றொரு எண்ணையும் அவையில் வைத்தார்: 27 கோடி இந்தியர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 44 கோடி; ஆக, பத்தில் ஆறு பேரைப் பற்றிய கூற்று அது. 1957இலேயே தசம நாணயம் வந்து அணா அதிகாரபூர்வமாக விடைபெற்றிருந்தது. ஆனால் கடைத்தெருவின் பேச்சில் அணாதான் இருந்தது. லோகியா தேர்ந்துகொண்டதும் அந்தப் பேச்சைத்தான்.

நேருவின் மறுமொழி பதினைந்து அணா. நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் கிடைக்கும் சராசரி அது. சராசரியில் செல்வரும் ஏழையும் ஒன்றாகக் கலந்துவிடுவர் என்பதே லோகியாவின் எதிர்வாதம். அவர் பேசியது அடித்தட்டைப் பற்றி. தொடர்ந்த விவாதத்தில், அடித்தட்டு மக்களுக்கு ஏழரை அணா என்ற கணக்கு அரசுத் தரப்பிலிருந்தே வந்தது. தீர்மானம் 62க்கு 347 என்ற வாக்குகளில் தோற்றது. ஆனால் சராசரிக்கும் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்நாள் முதல் பொதுப்பேச்சின் பகுதியாயிற்று. லோகியாவின் எண் துல்லியமானதா என்பதைவிட, அரசு தன் எண்ணைத் திருத்திச் சொல்ல நேர்ந்ததே அந்த விவாதத்தின் பயன்.

அக்காலத்தின் அறிவுச் சூழலும் இதற்கு உதவியது. தேசிய மாதிரி ஆய்வு 1950 முதல் குடும்பங்களின் நுகர்வைக் கணக்கெடுத்து வந்தது. வருமானப் பகிர்வை ஆராய மஹாலனோபிஸ் தலைமையிலான குழு 1960இல் அமைக்கப்பட்டு, 1964இல் தன் அறிக்கையின் முதற்பகுதியை அளித்தது. 1962இல் ஒரு பணிக்குழு, ஒருவர் உயிர்வாழக் குறைந்தது மாதம் 20 ரூபாய் தேவை என்று வரையறுத்திருந்தது. அதை அணாவாக மாற்றினால் நாளுக்குப் பத்தரை அணாவுக்குச் சற்று மேல். நேருவின் சராசரி அந்தக் கோட்டுக்கு மேலும், அரசுத் தரப்பின் ஏழரை அணா அதற்குக் கீழும் இருப்பதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1971இல் தாண்டேகர், ரத் ஆகிய இருவர் எழுதிய ‘இந்தியாவில் வறுமை’ என்ற ஆய்வும் 2011இல் எழுந்த ‘32 ரூபாய்’ விவாதமும் இதே மரபில் வந்தவை. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவிட முடிந்தவர் ஏழையல்லர் என்று திட்டக் குழு அப்போது உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. கேலியும் கோபமும் கிளம்பின. அளவுகோலை மறுபரிசீலனை செய்ய ரங்கராஜன் குழு அமைந்தது.

2015இன் உடை விவாதத்தில் இந்த மரபின் ஒரு பகுதி இன்னும் எஞ்சியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று டெல்லியில் அமெரிக்க அதிபர் ஒபாமாவைச் சந்தித்தபோது பிரதமர் மோதி அணிந்திருந்த கோட்டின் கோடுகளில் அவருடைய முழுப்பெயரும் நெய்யப்பட்டிருந்தது. அதன் விலை பத்து லட்சம் என்று எதிர்க்கட்சிகள் கூறின. அவ்வளவு இல்லை என்று மறுப்பும் வந்தது. பிப்ரவரியில் சூரத்தில் நடந்த ஏலத்தில் அது 4.31 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, தொகை கங்கைத் தூய்மைப் பணிக்கு அளிக்கப்பட்டது. ஏப்ரலில் ராகுல் காந்தி மக்களவையில் ‘சூட்-பூட் சர்க்கார்’ என்ற தொடரைப் பயன்படுத்தியபோது, உழவர்களின் நிலை பற்றிய பேச்சோடும் நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டத்தின் மீதான எதிர்ப்போடும் அது இணைந்தது. கோட்டு ஒரு தட்டில் இருந்தது. மறுதட்டில் உழவரின் நிலம் இருந்தது. அந்த அவசரச் சட்டம் 2015 ஆகஸ்ட் இறுதியில் காலாவதியாக விடப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் உடை பற்றிய சொல் ஒரு கொள்கை பற்றிய சொல்லாகச் செயல்பட்டது என்பது தெளிவு.

அடுத்து வந்தவற்றில் அந்த மறுதட்டு காலியாயிற்று. 2018இல், மேகாலயா தேர்தலுக்கு முன் ஷில்லாங்கில் ராகுல் காந்தி அணிந்த மேற்சட்டையின் விலை ஏறத்தாழ 70 ஆயிரம் என்று பாஜகவின் மாநிலக் கிளை கேலி செய்தது. 2022 செப்டம்பரில் கன்னியாகுமரியிலிருந்து நடைப்பயணம் தொடங்கிய அவர் அணிந்திருந்த டி-ஷர்ட், பர்பெர்ரி நிறுவனத்தின் 41,257 ரூபாய்ச் சட்டை என்று அக்கட்சி படத்தோடு வெளியிட்டது. காங்கிரஸோ பத்து லட்சக் கோட்டை நினைவூட்டிப் பதிலளித்தது. ஒரு தலைவரின் சட்டை இன்னொரு தலைவரின் கோட்டோடு ஒப்பிடப்பட்டது. நடைப்பயணத்தைப் பார்க்கத் தெருவோரம் நின்றவர்களின் சட்டைப்பையில் என்ன இருந்தது என்ற கேள்வி இரு தரப்பிலும் எழவில்லை.

எழுந்திருந்தாலும் விடை சொல்லப் புதிய எண் எதுவும் பொதுவெளியில் இல்லை. 2011-12க்குப் பின் நடத்தப்பட்ட 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை, தரவின் தரம் குறித்த ஐயங்களைக் காரணம் காட்டி, வெளியிடுவதில்லை என்று அரசு 2019 நவம்பரில் அறிவித்தது. அடுத்த ஆய்வுக்கான களப்பணி 2022 ஆகஸ்டில்தான் தொடங்கியது. டி-ஷர்ட் பற்றிய சண்டை நடந்த அதே நாட்களில் களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அரிசிக்கும் பருப்புக்கும் துணிக்கும் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவுகள் 2024 பிப்ரவரியில் வந்தன.

அவற்றைக் கொண்டு, 2022இல் நடந்திருக்க வேண்டிய ஒப்பீட்டை இப்போது செய்யலாம். கிராமப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய். நகர்ப்புறத்தில் 6,459 ரூபாய். கிராமப்புறத்தின் கடைநிலை 5 விழுக்காட்டினருக்கு அது 1,373 ரூபாய். பாஜக சொன்ன விலையை அப்படியே ஏற்றால், அந்த டி-ஷர்ட்டின் விலை இக்கடைநிலையில் ஒருவர் முப்பது மாதங்களில் செய்யும் மொத்தச் செலவுக்குச் சமம். காங்கிரஸ் சொன்ன விலையை அப்படியே ஏற்றால், அந்தக் கோட்டின் விலை அதே ஒருவரின் அறுபது ஆண்டுச் செலவு. இவ்விரு கணக்கும் எந்தக் கட்சிக்கும் சாதகமானவை அல்ல. நேருவும் லோகியாவும் வாதிட்டது போலச் சராசரியை எடுப்பதா, கடைநிலையை எடுப்பதா என்ற கேள்வி இங்கும் அப்படியே திரும்பி வருகிறது.

உடையின் விலை கண்ணுக்குத் தெரிவது. தேர்தலின் விலை தெரியாதது. முதல் பொதுத்தேர்தலில் பெரும்பாலான மக்களவைத் தொகுதிகளில் வேட்பாளருக்கு 25,000 ரூபாயாக இருந்த செலவு உச்சவரம்பு, 2022இல் பெரிய மாநிலங்களில் 95 லட்சமாக உயர்த்தப்பட்டது. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தபோது, நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கியது. கட்சிகளின் செலவுக்கு இன்றுவரை உச்சவரம்பு இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் மொத்தம் 55 ஆயிரம் முதல் 60 ஆயிரம் கோடி ரூபாய் வரை செலவானதாக ஊடக ஆய்வு மையம் மதிப்பிட்டது. தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் செல்லாததாக்கும் வரை, அவற்றின் வழியே யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் வாக்காளருக்கு மறைக்கப்பட்டிருந்தது. ஒரு சட்டையின் விலை ரூபாய் சுத்தமாகத் தெரிந்த அதே காலத்தில், மக்களின் செலவும் கட்சிகளின் வரவும் இருளில் இருந்தன.

தலைவர்களின் உடை பற்றிய பேச்சை அற்பம் என்று ஒதுக்குவது, ஆக, வரலாற்றுக்குப் பொருந்தாது. அப்பேச்சு ஒருமுறை ஒரு தலைவரின் உடையையே மாற்றியது. இன்னொருமுறை ஓர் அரசின் கணக்கை மாற்றியது. இரண்டு முறையும் ஏழைகளின் செலவுக்கணக்கு பேச்சுக்குள் வந்திருந்தது. மதுரை ரயிலில் அதை அவர்களே சொன்னார்கள். 1963இல் அவர்கள் சார்பாக ஒருவர் அவையில் சொன்னார். 2022இல் எவரும் சொல்லவில்லை. சொல்வதற்கான புள்ளிவிவரமும் வெளியிடப்பட்டிருக்கவில்லை. அடுத்த தேர்தலில் ஏதேனும் ஒரு சட்டையின் விலை மீண்டும் பேசுபொருளாகும். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசி நுகர்வுச் செலவு ஆய்வு எந்த ஆண்டில் வெளியானது என்பதே.