பழைய கேபினெட்டில் புது மதர்போர்டு - ஒரு சின்ன வரலாறு

1998-ல் வாங்கிய ஏ.டி.எக்ஸ் கேபினெட் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். இன்று கடையில் விற்கும் மதர்போர்டை அதில் பெரும்பாலும் திருகி மாட்டிவிடலாம். மூன்றே வருடத்தில் எல்லாம் பழசாகிவிடும் இந்தத் துறையில் இது எப்படி சாத்தியமானது?

கதை 1981-ல் வந்த ஐ.பி.எம் பிசியில் தொடங்குகிறது. அதில் ஐந்து ஸ்லாட்டுகள். 1983-ல் வந்த எக்ஸ்.டி-யில் எட்டு ஸ்லாட்டுகளை நெருக்கி வைத்தார்கள். அதனால் பழைய பெட்டியின் பின்பக்கத் துவாரங்கள் புது போர்டுக்குப் பொருந்தவில்லை. 1984-ல் வந்த ஏ.டி போர்டோ சுமார் 12 அங்குல அகலம்! சிப்புகள் சிறுத்த பிறகு, அதே ஏ.டி கேபினெட்டிலும் உட்காரும்படி 'பேபி ஏ.டி' வந்தது. ஐ.பி.எம்மைக் காப்பியடித்த கம்பெனிகள் எல்லாம் இதையே செய்ததால், யாரும் திட்டமிடாமலே ஒரு தரம் உருவாகிவிட்டது.

ஆனால் ஏ.டி-யில் தொல்லைகளும் உண்டு. பவர் சப்ளையிலிருந்து பி8, பி9 என்று இரண்டு கனெக்டர்கள் வரும். கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு கருகிவிடும். முன்பக்க சுவிட்சுக்கு வந்ததோ நேரடி மெயின்ஸ் கரண்ட்!

1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸை வெளியிட்டது. போர்டை 90 டிகிரி திருப்பிப் போட்டார்கள். நீளமான கார்டுகள் பிராசஸரின் மேல் இடிக்கவில்லை. தவறாகச் செருக முடியாத ஒரே 20 பின் கனெக்டர். இதெல்லாம் சரி, என்னைக் கேட்டால் உண்மையான புத்திசாலித்தனம் பின்பக்கம் இருக்கும் அந்தத் தகரத் தகடுதான். கேபினெட்டில் ஒரு செவ்வகத் துவாரம் மட்டும் விட்டுவிட்டு, எந்தப் போர்ட் எங்கே என்பதைக் கழற்றி மாட்டும் தகட்டிடம் விட்டுவிட்டார்கள். யு.எஸ்.பி, எச்.டி.எம்.ஐ என்று எது வந்தாலும் தகடு மட்டும் மாறினால் போதும். 1997-ல் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸும், வியா நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த 17 செ.மீ மினி ஐ.டி.எக்ஸும் அதே துவாரத்தையும் அதே திருகு இடங்களில் சிலவற்றையும் வைத்துக்கொண்டன. ஏ.டி கேபினெட்டில் இந்தத் துவாரமே கிடையாது என்பதால், அதை வைத்திருந்தவர்கள் பாவம், புதுப் பெட்டி வாங்கியே தீர வேண்டியிருந்தது.

இன்டெல்லே ஏ.டி.எக்ஸை ஓரங்கட்டப் பார்த்ததுதான் வேடிக்கை. பென்டியம் 4 அடுப்பு மாதிரி கொதித்ததால் 2004 வாக்கில் பி.டி.எக்ஸ் என்ற புது அமைப்பு வந்தது. அதற்குத் தனி கேபினெட் வேண்டும். 2006-ல் சூடு குறைந்த கோர் 2 பிராசஸர் வந்ததும் அதன் தேவை போய்விட்டது. இன்டெல் அதே வருடம் அதைக் கைவிட்டது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடாதீர்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ் வேண்டாம், இன்றைய போர்டுக்கு 24 பின்னும், பிராசஸருக்குத் தனி 12 வோல்ட் இணைப்பும் தேவை. 1990-களின் கடைசியில் டெல் விற்ற சில கணினிகளில் கனெக்டர் பார்க்க ஏ.டி.எக்ஸ் போலவே இருக்கும், உள்ளே ஒயர் வரிசை வேறு. அந்த சப்ளையை வேறு போர்டில் செருகினால் புகைதான். போர்டில் துளை இல்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், அடியில் பட்டு ஷார்ட் ஆகும். கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஹார்டு டிஸ்க் கூண்டு வரை எத்தனை அங்குலம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.