கோட்டை இருந்தது, ஆளைக் காணோம்! அமெரிக்காவில் ஆங்கிலேயரின் முதல் குடியேற்றங்கள் தோற்றது ஏன்?

1590 ஆகஸ்ட் 18. இன்றைய வடக்கு கரோலினா மாநிலத்தில் உள்ள ரோனோக் தீவில் வந்து இறங்குகிறார் ஜான் ஒயிட். மகள், மருமகன், பிறந்து சில நாட்களே ஆன பேத்தி உட்பட 110-க்கும் மேற்பட்டோரை 3 வருஷத்துக்கு முன் அவர் விட்டுச்சென்ற இடம் அது. அன்று பேத்தி வர்ஜீனியாவுக்கு 3-வது பிறந்தநாள். ஆனால், ஊரில் ஒருத்தர்கூட இல்லை. வேலித் தூண் ஒன்றில் 'குரோட்டோவன்' என்ற ஒரே ஒரு சொல் செதுக்கப்பட்டிருந்தது.

கப்பல், துப்பாக்கி, அரசியின் அனுமதி எல்லாம் இருந்தும் எங்கே தவறு நடந்தது?

பகையைத் தேடிக்கொண்ட படை

1585-ல் இதே தீவுக்கு முதலில் வந்தது ரால்ஃப் லேன் தலைமையிலான சுமார் 100 ஆண்கள். அவர்களில் பலர் படைவீரர்கள். சாப்பாட்டுக்கு மண்ணின் மக்களின் சோளத்தையே நம்பியிருந்தனர். கொடுக்கல் வாங்கல் சண்டையாக மாறியது. 1586 ஜூனில் பூர்வகுடித் தலைவர் விங்கினாவை லேனின் ஆட்கள் கொன்றனர். அடுத்த சில நாட்களில் வந்த பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்களில் ஏறி ஊர் திரும்பிவிட்டனர். அந்தப் பகையைச் சுமந்தது, 1587-ல் குழந்தை குட்டிகளோடு வந்த ஒயிட்டின் குழுதான். வந்த சில நாட்களிலேயே அவர்களில் ஒருவர் கொல்லப்பட்டார்.

வராத கப்பல்

உணவுப் பொருள் கொண்டுவர ஒயிட் இங்கிலாந்து போனார். 1588-ல் ஸ்பெயினின் மாபெரும் கப்பற்படை இங்கிலாந்தை நோக்கி வந்ததால், கப்பல்கள் எல்லாம் போருக்குத் தேவைப்பட்டன. சில மாதங்களில் திரும்ப நினைத்தவருக்கு 3 ஆண்டுகள் ஆகிவிட்டன.

மரங்கள் சொன்ன சாட்சி

அப்பகுதியின் பழைய மரங்களில் உள்ள வளையங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 1998-ல் முக்கியமான தகவலை வெளியிட்டனர். 1587 முதல் 1589 வரை அங்கே நிலவியது 800 ஆண்டுகளில் இல்லாத கடும் வறட்சி. பூர்வகுடிகளுக்கே சோளம் இல்லாதபோது, வந்தவர்களுக்கு யார் கொடுப்பது?

ஜேம்ஸ்டவுன் மட்டும் தப்பியது எப்படி?

1607-ல் வர்ஜீனியாவில் 104 பேருடன் தொடங்கிய ஜேம்ஸ்டவுனும் கிட்டத்தட்ட அழிந்த ஊர்தான். ஸ்பெயின் கப்பல்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இடம், சதுப்பு நிலம். ஆற்றுத் தண்ணீரோ உப்பு. அங்கும் 1606 முதல் 1612 வரை வறட்சி.

1609-10 குளிர்காலத்தில் பவ்ஹாட்டன் மக்கள் கோட்டையை முற்றுகையிட்டனர். உள்ளே இருந்தவர்கள் குதிரை, நாய், எலி எனக் கிடைத்ததை எல்லாம் சாப்பிட்டனர். பசியில் மனித உடலையும் விட்டுவைக்கவில்லை என்பதை, அங்கே தோண்டியெடுத்த ஒரு சிறுமியின் எலும்பில் இருந்த வெட்டுக் காயங்கள் காட்டின. பிழைத்தது சுமார் 60 பேர்.

1610 ஜூனில் அவர்களும் ஊரைக் காலிசெய்து கப்பல் ஏறிவிட்டனர். ஆனால், புதிய ஆட்களோடும் உணவோடும் டி லா வார் பிரபு வந்துவிட்ட செய்தி ஆற்றிலேயே எட்டியது. திரும்பினார்கள். பின்னர் புகையிலைச் சாகுபடி கைகொடுக்க, ஊர் நிலைத்தது. ரோனோக்குக்கு நேரத்தில் வராத கப்பல், இங்கே வந்தது.

ஒயிட் என்ன ஆனார்?

ஆபத்தில் ஊரை விட்டால் சிலுவைக் குறி போட வேண்டும் என்பது ஏற்கெனவே பேசிவைத்த ஏற்பாடு. தூணில் சிலுவை இல்லை. குரோட்டோவன் என்பது பக்கத்துத் தீவின் பெயர். அங்கிருந்தவர்கள் நட்பான பூர்வகுடிகள். எனவே, குடும்பம் உயிரோடு இருக்கும் என ஒயிட் நம்பினார். ஆனால், புயல் அவரது கப்பலை அந்தத் தீவுப் பக்கம் போக விடவில்லை. பேத்தியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.